பொய்ச்சாட்சியைத் தின்னும் பூதம்

கோவலன் வெட்டுப்படுவதற்குச் சற்று முன்னால், மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில் அவனுக்கு ஒரு கதை நினைவூட்டப்படுகிறது. பொதியிலை வலம்வந்து, குமரியில் நீராடித் திரும்பும் மாடலன் என்ற மறையவன் வழியில் அவனைக் காண்கிறான். இவ்வளவு நல்லது செய்த உனக்கா இந்த நிலை என்று வருந்தி, புகாரில் கோவலன் செய்த அறச்செயல்களை வரிசையாகச் சொல்கிறான். அவற்றில் ஒன்று பூதக் கதை. பத்தினிப் பெண் ஒருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் ஒருவன் பொய்ச்சாட்சி சொல்கிறான். நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதம் அவனைப் பாசக்கயிற்றில் கட்டிவிடுகிறது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் அந்தக் கயிற்றுக்குள் தானே நுழைந்து, இவனை விட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் மறுக்கிறது. கெட்டவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரை வாங்கித் தன் நற்கதியைக் கெடுத்துக்கொள்ள அது தயாராக இல்லை. கோவலன் கண்ணெதிரிலேயே பொய்யனை அடித்துத் தின்கிறது. பிள்ளையை இழந்த தாயையும் சுற்றத்தாரையும் கோவலன் பல ஆண்டுகள் சோறிட்டுக் காக்கிறான்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் வரும் இந்தக் கதையைக் கோவலனின் கொடைக்குச் சான்றாக மட்டும் காட்டிவிட்டுக் கடந்துபோகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இளங்கோ அதை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். கோவலன் இனி நுழையப் போவது மதுரைக்குள். அங்கே ஒரு பொற்கொல்லன் அவன்மேல் பொய்ச்சொல் சொல்லப் போகிறான். புகாராக இருந்தால் அந்தப் பொற்கொல்லன் நாற்சந்தியைத் தாண்டியிருக்க மாட்டான். மதுரையின் கோட்டையையும் கடைவீதியையும் கணிகையர் தெருவையும் ஊர்காண் காதையில் விரித்துச் சொல்லும் காப்பியம், பொய்யனைப் பிடிக்கும் ஒரு பூதத்தை அங்கே காட்டவில்லை.

தண்டிக்கும் விலங்கு, தண்டிக்கும் பூதம் என்றால் உலக இலக்கியத்தில் உடனே நினைவுக்கு வருவது கிரேக்கம்தான். கலிதோன் நாட்டு மன்னன் ஒய்னியஸ் அறுவடைப் படையலில் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தை மறந்துவிடுகிறான். அவள் ஒரு பெரும் காட்டுப்பன்றியை ஏவுகிறாள். அது தோப்புகளை வேரோடு சாய்க்கிறது. எத்தியோப்பிய அரசி காசியோப்பியா கடற்கன்னியரைவிட அழகில் சிறந்தவர்கள் நாங்கள் என்று பெருமை பேசியதற்குப் பொசைடன் கடல்மிருகத்தை அனுப்புகிறான். பலியாகப் பாறையில் கட்டப்படுபவள் பேசிய தாயல்ல, மகள் அந்திரோமேதா. ஆர்கோஸ் நகரின்மேல் அப்போலோ ஏவிய பொய்னே என்னும் பெண்மிருகம் தாய்மாரின் மடியிலிருந்து குழந்தைகளைப் பிடுங்கிச் சென்றது. மூன்று கதைகளிலும் குற்றம் செய்தவர் ஒருவர்; அடி வாங்குவது ஊர். அந்த மிருகங்களுக்குக் குற்றவாளி யார் என்ற கவலையே கிடையாது. பிறகு ஒரு வீரன் வருவான், மிருகத்தைக் கொல்வான், பாட்டு அவன்மேல் பாடப்படும்.

சதுக்கப்பூதம் இந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. இந்திரவிழவூரெடுத்த காதை அதன் அதிகார வரம்பை ஒரு சட்டப்பிரிவு மாதிரி வகுத்துத் தருகிறது. தவவேடத்தில் மறைந்து தீயொழுக்கம் செய்பவர், மறைவில் பிறழும் பெண்டிர், நம்பிய அரசனை அறுக்கும் அமைச்சர், பிறன்மனை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் என்று ஆறு வகையினர் அதன் கைக்கு உரியவர்கள். இவர்களை விடமாட்டேன் என்று நான்கு காதத் தொலைவுக்குக் கேட்கும்படி அது முன்கூட்டியே முழங்குகிறது. ஆக, எச்சரிக்கை உண்டு, வரையறை உண்டு, நிற்கும் இடமும் உண்டு. ஆறு குற்றங்களையும் சேர்த்துப் பாருங்கள்: கொலை இல்லை, கொள்ளை இல்லை. திருடனுக்கு அதே புகாரில் வெள்ளிடை மன்றம் தனியாக இருக்கிறது. பூதத்தின் பங்கு வெளியில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக நடப்பவர்கள். அரசனின் காவலர் கண்ணில் எளிதில் படாத குற்றவாளிகள்.

அந்தப் பட்டியலில் அமைச்சன் இருக்கிறான், அரசன் இல்லை. செங்கோல் வளைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த மன்றம் விடை சொல்கிறது. பாவை மன்றத்தில் ஒரு சிலை நிற்கிறது. அரசன் முறை தவறினாலும் அறங்கூறு அவையம் ஒருபக்கம் சாய்ந்தாலும் அது வாய் திறக்காது. கண்ணீர் வடிக்கும், அவ்வளவுதான். குடிமகனைத் தின்னும் பூதத்தையும் அரசனுக்காக அழும் பாவையையும் இளங்கோ பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். உரைகள் புகாரின் ஐந்து மன்றங்களையும் விளக்கிவிட்டு மேலே செல்கின்றன. என் வாசிப்பில் சிலப்பதிகாரத்தின் நீதிக் கேள்வி முழுவதும் இந்த இரண்டு மன்றங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. மதுரையில் தவறியவன் அரசன். பூதத்துக்கு அவன்மேல் அதிகாரம் இல்லை. அழுதால் போதுமா?

மணிமேகலை இந்த அதிகார எல்லையை இன்னும் கூர்மையாக்குகிறது. சிறைசெய் காதையில் மருதி என்ற பார்ப்பனப் பெண் காவிரியில் நீராடி வரும்போது, புகாரை ஆண்ட ககந்தனின் மகன் அவளைத் தவறான எண்ணத்தோடு அழைக்கிறான். என் கற்பில் என்ன குறை, இப்படி ஒருவன் நெஞ்சில் நான் ஏன் புகுந்தேன் என்று அவள் சதுக்கப்பூதத்திடம் போய் அழுகிறாள். பூதம் முதலில் அவளையே குறுக்கு விசாரணை செய்கிறது: பொய்க்கதை கேட்டாய், விழாவில் மனம் வைத்தாய், பிற தெய்வம் தொழுதாய் என்று குறை எண்ணுகிறது. புகார் கொடுக்கப் போன பெண்ணை முதலில் குடையும் காவல் நிலையத்துக்கு வயது அதிகம்தான் போலிருக்கிறது. அதன் பிறகு பூதம் சொல்வதுதான் செய்தி. அரசமுறைக்கு ஏழு நாள் தவணை உண்டு. அதற்குள் ஆள்பவன் தண்டித்தால் சரி. அதன் பின்னர்தான் என் முறை. அந்தத் தவணைக்குள் ககந்தனே தன் மகனை வாளால் வெட்டுகிறான். ஏவப்பட்டு வரும் மிருகத்துக்கும் முறைப்படி காத்திருக்கும் பூதத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தப் பூதம் புகாரோடு நிற்கவில்லை. சேரன் ஒருவன் சதுக்கப்பூதங்களை வஞ்சிக்குக் கொண்டுவந்து வழிபட்ட செய்தியைப் பதிற்றுப்பத்தின் பதிகமும் சிலம்பும் குறிப்பிடுகின்றன. சோழநாட்டிலும் சேரநாட்டிலும் இருந்த ஒன்று பாண்டிநாட்டுத் தலைநகரின் வருணனையில் இடம்பெறவில்லை.

மதுரையில் நடந்தது வேறு. நெடுஞ்செழியன் தன் தவற்றை உணர்ந்ததும் அரியணையிலேயே உயிர்விடுகிறான். குற்றவாளி அரசன் செத்தபிறகும் கண்ணகியின் கோபம் அடங்கவில்லை. இடமுலையைத் திருகி எறிகிறாள். தீக்கடவுள் அவள்முன் வந்து, உனக்குத் தீங்கு நேரும் நாளில் இந்த ஊரை எரிக்க எனக்கு முன்பே ஆணை உண்டு, யாரை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கிறான். அவள் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தை என்று விலக்குப் பட்டியல் தருகிறாள். கலிதோன் பன்றியிடம் யாரும் இப்படி ஒரு பட்டியல் நீட்டவில்லை. ஒரு நகரத்தை முழுக்கக் கொளுத்தும் நேரத்திலும் குற்றமற்றவன் மேல் அடி விழக்கூடாது என்ற தவிப்பு இந்தக் காப்பியத்தை விடவில்லை. அந்தப் பட்டியலில் யார் முதலில், யார் இல்லவே இல்லை என்ற கேள்வி வேறு. அதைக் கேட்டவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அழற்படு காதையில் மதுரையிலும் பூதங்கள் உண்டு. நால்வகைக் குலத்தையும் காக்கும் நான்கு பூதங்களின் நிறம், அணி, ஆடை, கையில் ஏந்திய பொருள் என்று இளங்கோ விரிவாகவே பாடுகிறார். அவை என்ன செய்தன? எதிர்த்து நிற்கவில்லை, யாரையும் தின்னவுமில்லை. அரசன் முறை பிழைத்த நாளில் இந்த ஊரைத் தீ உண்ணும் என்று எங்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறின. தண்டிக்கும் பூதம் இல்லாத ஊரில் காக்கும் பூதமும் கைவிட்டுப் போகிறது.

பொய் சொன்ன பொற்கொல்லன் என்ன ஆனான்? காப்பியம் அவனைத் தனியாகப் பிடித்துத் தண்டிக்கும் காட்சி ஒன்றைக்கூடத் தரவில்லை. அதற்குப் பதிலாக உரைபெறு கட்டுரையில், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டதாக ஒரு செய்தி வருகிறது. மழை பெய்தது, நாடு செழித்தது என்று அதை நல்ல முடிவாகவே நூல் சொல்கிறது. சதுக்கப்பூதம் இருந்திருந்தால் ஓர் உயிரோடு முடிந்திருக்கும். மனிதர் கைக்கு வந்ததும் தண்டனை ஒரு சாதிமேல் விழுகிறது. நூல் அதற்குக் கண் கலங்கவில்லை; நாம் கலங்கலாம்.

மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் முற்பிறப்புக் கதையிலும் குற்றம் அதே குற்றம்தான். கலிங்கத்தில் கோவலன் பரதனாக இருந்தபோது, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி விழுந்து, சாபமிட்டாள். ஊழ்வினை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த ஊழுக்கு ஒரு பெயர் உண்டு: பொய்ச்சாட்சி. பரதன் சொன்ன பொய், புகாரில் பூதம் தின்றவனின் பொய், பொற்கொல்லனின் பொய் என்று மூன்றும் ஒரே கயிற்றில் முடிந்திருக்கின்றன.

*

அடுத்த காலகட்டம் திருவிளையாடல்களுடையது. பெரும்பற்றப்புலியூர் நம்பியின் பழைய நூலை உ.வே. சாமிநாதையர் 1906-இல் பதிப்பித்தார். பிற்காலத்தில் எழுந்த பரஞ்சோதி முனிவரின் நூலே மக்களிடம் பரவியது. சிலப்பதிகாரத்துக்கும் பரஞ்சோதியின் நூலுக்கும் உரை எழுதியவர் ஒருவரே, ந.மு. வேங்கடசாமி நாட்டார். இரண்டு உரைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு மதுரையின் மிருகங்கள் எப்படி மாறிவிட்டன என்பது பளிச்சென்று தெரியும்.

பரஞ்சோதியின் 64 படலங்களில் 22-ஆவது யானை எய்த படலம். விக்கிரம பாண்டியனை நேரில் வெல்ல முடியாத காஞ்சிச் சோழன் சமணர் எண்ணாயிரவரை அழைத்து வேள்வி செய்யச் சொல்கிறான். குண்டத்திலிருந்து மலைபோல ஒரு யானை எழுகிறது. கிழக்கேயிருந்து அது மதுரையை நோக்கி வருகிறது. சொக்கநாதர் வேடனாக வந்து அட்டாலை மண்டபத்தில் ஏறி நரசிங்கக் கணையை எய்ய, யானை சாய்ந்து கல்லாகிறது. 28-ஆவது நாகம் எய்த படலம். இப்போது மேற்கேயிருந்து பாம்பு. அனந்தகுண பாண்டியன் அதை எய்து வீழ்த்துகிறான், அது கக்கிய நஞ்சை இறைவன் அமுதத் துளியால் மாற்றுகிறான். அடுத்த படலத்தில் மாயப்பசு. பசுவைப் பாண்டியன் கொல்லமாட்டான் என்ற கணக்கில் அனுப்பப்பட்டது அது. இறைவன் நந்தியை அனுப்ப, காளையின் அழகில் மயங்கிய பசு விழுந்து மலையாகிறது. யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் ஒத்தக்கடை போகிறவர் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் யானை. கண்ணும் நெற்றியும்கூடத் தெரியும். நாகமலை மேற்கே தேனிச் சாலையோடு மெலிந்து நெளிந்து நீளமாகப் போகிறது. பசுமலை திருப்பரங்குன்றம் போகும் வழியில் சிறியதாக இருக்கிறது. பசுவைக் காணக் கொஞ்சம் பக்தி வேண்டும்.

புகாரின் பூதம் குற்றவாளியைத் தேடியது. பரஞ்சோதியின் மிருகங்களுக்குத் தேட யாருமில்லை. எந்தப் பாண்டியனும் அங்கே தவறு செய்யவில்லை. அவன் சைவனாக இருப்பது ஒன்றே காரணம். ஏவியவர் தெய்வமல்ல, எதிர்ச்சமயத்தார். தண்டிக்கும் உரிமை முழுவதையும் புராணம் இறைவன் கைக்கு மாற்றிவிடுகிறது. மிருகம் வெறும் ஆயுதமாகிவிடுகிறது. பாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரளயத்துக்குப் பின் மதுரையின் எல்லை தெரியாதபோது, வாலை வாயில் கவ்வி ஊரைச் சுற்றி வளைத்துக் காட்டி, ஆலவாய் என்ற பெயரைத் தந்தது இறைவனின் கைப்பாம்பு. அதே நூலில் மேற்கிலிருந்து வருவது கொல்லப்பட வேண்டிய பாம்பு. எல்லையின் உள்ளே இருப்பது அணி, வெளியே இருப்பது பகை. டேவிட் ஷுல்மன் 1980-இல் வெளியிட்ட தமிழ்க் கோயில் தொன்மங்கள் பற்றிய நூல் இந்த எல்லைச் சிந்தனையை நன்றாகப் பிடித்தது. பின்னால் வந்தவர்கள் பலரும் அதன் நிழலில்தான் நிற்கிறார்கள்.

நூலை மூடிவிட்டு மலைகளில் ஏறினால் கதை தலைகீழாகிறது. யானைமலையில் சமண முனிவரின் படுக்கைகளும் தமிழ்-பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. அந்தக் கல்வெட்டே மலையை யானைக்குன்று என்ற பொருளில் குறிக்கிறது. பரஞ்சோதிக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது அது. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் சமணர் வாழும் இடமாக ஆனைமலையைச் சொல்கிறார். யானை முதலில், கதை பிறகு. மலையின் அடியிலுள்ள நரசிங்கர் குடைவரையைப் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி குடைந்தான். பணி முடியுமுன் அவன் இறக்க, தம்பி மாறன் எயினன் மண்டபம் அமைத்துக் குடமுழுக்குச் செய்தான். கல்வெட்டு கலியாண்டு 3871 என்கிறது, அதாவது கி.பி. 770. எய்த அம்பு நரசிங்கமாக மாறியது என்று பரஞ்சோதி ஏன் பாட வேண்டியிருந்தது என்பது இப்போது விளங்கும். சமணர் மலையின் காலடியில் பல நூற்றாண்டாக ஒரு திருமால் கோயில் நிற்கிறது. சைவக் கதைக்கு இரண்டையும் ஒரே அடியில் விழுங்க வேண்டிய தேவை. ஓர் அம்பில் இரண்டு வேலை.

சம்பந்தர் காலத்தில் சமணர் எண்ணாயிரவரைக் கழுவேற்றினார்கள் என்ற கதைக்கும் இதே கதிதான். அது நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இருநூறு ஆண்டுகள் கழித்தும் அச்சணந்தி என்ற சமணத் துறவி யானைமலையிலும் அழகர்மலையிலும் கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கச் செய்திருக்கிறார். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' தொடங்கி வெ. வேதாசலத்தின் 'எண்பெருங்குன்றம்' வரை இந்தத் தரவுகள் தமிழிலேயே கிடைக்கின்றன. தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளுக்கு ஐராவதம் மகாதேவனின் 2003-ஆம் ஆண்டு நூல். இதற்குமேலும் மேடைகளில் யானைக் கதையை வரலாறாகச் சொல்பவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரியும் பொருளைக் காட்டிக் கதையை நம்பவைப்பது மதுரைக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. அந்திரோமேதாவை விழுங்க வந்த மிருகத்தின் எலும்புக்கூடு என்று சொல்லி, யோப்பா துறைமுகத்திலிருந்து ஒன்றை ரோமுக்குக் கொண்டுபோய் ஸ்காவுரஸ் என்ற அதிகாரி காட்சிக்கு வைத்தான். அதன் நீளம் 40 அடி என்றும் விலா எலும்புகள் இந்திய யானையின் உயரத்தை மிஞ்சின என்றும் பிளினி எழுதிவைத்திருக்கிறார். திமிங்கலமாக இருந்திருக்கலாம். ரோமாபுரிக்கும் அளவு சொல்ல நம்மூர் யானைதான் தேவைப்பட்டிருக்கிறது.

*

சதுக்கப்பூதம் புராணத்தில் தொலைந்ததே ஒழிய மதுரைச் சமவெளியில் தொலையவில்லை. அது அழகர்கோயில் பதினெட்டாம்படிக்கு இடம் மாறியது.

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கும் அந்தக் கோபுர வாசலில் கருப்பசாமிக்கு உருவம் கிடையாது. பூட்டிய கதவே சாமி. கதவு முழுக்கச் சந்தனம் அப்பி, மாலை சாத்தி, பக்கத்தில் ஆளுயர அரிவாள்கள் நட்டு வைத்திருப்பார்கள். அழகரின் ஆற்றலைத் திருடிக்கொண்டு போக மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்கள் என்பது வழக்குக் கதை. கண்ணில் தீட்டிய மாய மை கரைந்ததும் அகப்பட்டு, வெட்டுண்டு, பதினெட்டுப் படிகளின் கீழே புதைக்கப்பட்டார்கள். அவர்களோடு வந்த கருப்பு அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டான். பரஞ்சோதியின் யானையும் ஏவப்பட்டு வந்ததுதான், கருப்பும் அப்படி வந்தவன்தான். அங்கே வந்தது கல்லானது, இங்கே வந்தவன் காவல் உத்தியோகம் ஏற்றான். நாட்டார் மரபின் அரசியல் சாதுரியம் இதில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது, அவர் அணிந்துபோகும் நகைகளின் பட்டியல் கருப்பன் முன்னால் வாசிக்கப்படும். திரும்பி வந்ததும் மீண்டும் சரிபார்க்கப்படும். பெருமாளின் நகைக்கே அவன் தணிக்கை அதிகாரி.

அந்தக் கதவின் முக்கியமான வேலை இன்னொன்று. கடன் வாங்கவில்லை, வரப்பைத் தள்ளவில்லை, நகையை எடுக்கவில்லை என்று சாதிப்பவனிடம் இந்தப் பக்கத்தில் கேட்கப்படும் கேள்வி, “பதினெட்டாம்படியில வந்து சத்தியம் பண்ணுறியா?” என்பதுதான். பலர் அங்கே போகுமுன்பே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். பொய்ச்சத்தியம் செய்தவன் ரத்தம் கக்குவான், குலம் விளங்காது என்ற நம்பிக்கை. பாதிக்கப்பட்டவர் முறையிடலாம், கருப்பன் தானாகத் தெருவில் இறங்கி யாரையும் தேடிப் போவதில்லை. முறையீடு, காத்திருப்பு, குறிப்பிட்ட குற்றம், குறிப்பிட்ட ஆள். மருதி போய் நின்ற அதே நாற்சந்திதான் இது. தொ. பரமசிவன் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த ஆய்வு 1989-இல் 'அழகர் கோயில்' என்ற நூலாக வந்தது. கள்ளர், இடையர், பள்ளர் என ஒவ்வொரு சாதியும் இந்தக் கோயிலோடு கொண்ட உறவை அதுபோல விரித்த நூல் வேறில்லை. அவருக்கு முன்பே, நாகமலைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்த லூயி துய்மோன் 1957-இல் தம் நூலை வெளியிட்டார். அய்யனாரையும் கருப்பையும் அருகருகே வைத்து, சைவப்படையல் தெய்வம், கிடாவெட்டு தெய்வம் என்ற அடுக்கை அவர் விளக்கியது செல்வாக்குள்ள விளக்கமாகிவிட்டது. தூய்மை, தீட்டு என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்ததால் நீதி அவர் கண்ணில் அதிகம் படவில்லை என்பது என் குறை. சாமிக்கு என்ன படைக்கிறார்கள் என்பதைவிடச் சாமியிடம் என்ன கேட்கிறார்கள் என்பது முக்கியம்.

மாட்டுத்தாவணிக்கு அருகே மேலமடையில் உள்ள பாண்டி கோயிலுக்கு இந்த வரிசையில் தனி இடம். முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாகப் பாண்டி முனி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கோவலனைக் கொல்லச் சொன்ன நெடுஞ்செழியன்தான் பழிதீரத் தவமிருக்கும் இந்தப் பாண்டி என்பது ஊர் வழக்கு. அமர்ந்த நிலையைப் பார்த்துப் பழைய சமண, பௌத்த உருவமோ என்று ஐயப்படுவோரும் உண்டு. எனக்கு ஊர் வழக்கின் துணிச்சல்தான் வியப்பாக இருக்கிறது. புகாரின் பூதத்துக்கு அரசன்மேல் அதிகாரம் இல்லை. பாவை அழுததோடு சரி. மதுரை மக்கள் தவறாகத் தீர்ப்புச் சொன்ன அரசனையே தண்டிக்கும் முனியாக்கி, இனி நீ ஒழுங்காகக் கேட்டுத் தீர்ப்புச் சொல் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அவருக்குப் பொங்கல்தான், கிடாவெட்டு பக்கத்துத் துணைத் தெய்வங்களுக்கு.

கிரேக்கத்திலும் இப்படி ஒரு திருப்பம் நடந்ததுண்டு. கி.மு. 458-இல் அரங்கேறிய எஸ்கிலசின் ஓரெஸ்தேயா நாடகங்களில், தாயைக் கொன்றவனை ரத்தவாடை பிடித்துத் துரத்தும் எரினியஸ் என்ற பழிவாங்கும் பெண்தெய்வங்கள் வருகின்றன. ஏதென்ஸில் வழக்கு மன்றம் கூடி அவனை விடுவிக்கிறது. கொதித்த அந்தத் தெய்வங்களை அதீனா சமாதானம் செய்து, நகரைக் காக்கும் தெய்வங்களாகக் குன்றின் அடியில் குடியேற்றுகிறாள். அங்கே நீதிமன்றம் வந்ததும் பூதத்துக்கு ஓய்வூதியம். நம் பக்கம் அப்படி நடக்கவில்லை. கோர்ட்டு வந்தபிறகும் பூதம் பதவியில் நீடித்தது. கோர்ட்டே அதை ஒப்புக்கொண்டது. 1873-ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டம், ஒரு தரப்பு தன் இனத்தவர் மதிக்கும் முறையில் சிறப்புச் சத்தியம் செய்ய முன்வந்தால் அதற்கு நீதிமன்றம் இடம் கொடுக்கலாம் என்றது. எதிர்த்தரப்பு அதை ஏற்றுக்கொண்டிருந்தால், அந்தச் சத்தியத்தின்மேல் சொன்ன சாட்சியமே முடிவான சான்று; அதற்குமேல் வாதமில்லை. 1969-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அந்தப் பிரிவுகள் இடம்பெறவில்லை.

இந்தத் துறையில் இனி நடக்க வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது. யானைமலைக் கதையை இன்னொரு முறை சைவ, சமணப் பகையாக எழுதிப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. அது போதுமான அளவு எழுதப்பட்டாயிற்று. 1873-க்கும் 1969-க்கும் இடையிலான மதுரை, மேலூர், திருமங்கலம் பகுதி முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்புகளை ஒருவர் புரட்ட வேண்டும். எந்த வழக்கு எந்தச் சாமியின் வாசலுக்கு அனுப்பப்பட்டது, யார் சத்தியம் செய்யத் துணிந்தார்கள், யார் பின்வாங்கினார்கள் என்று ஊர்வாரியாகத் தொகுக்க வேண்டும். அத்தகைய தீர்ப்பின் நகலோ, சத்தியத்துக்குப் பின் எழுதிக்கொண்ட உடன்படிக்கையோ உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், கறையான் அரிக்குமுன் ஒரு படியெடுத்து, ஆய்வு செய்யும் மாணவர் எவர் கையிலாவது கொடுத்துவிடுங்கள்.